வாடகை வீட்டுச் சுவர்: கேட்காமல் அடிப்பதா, கேட்டு அடிப்பதா, தொடாமலே விடுவதா?

வாடகை வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்தில் யாருக்கும் சுவர் கண்ணில் படாது. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மின்விசிறி சத்தம் போடுகிறதா, ஜன்னல் கொண்டி விழுகிறதா என்பதிலேயே நாள் ஓடிவிடும். பெட்டிகளைப் பிரித்து, சாமான்களை அடுக்கி, ஒரு சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கும்போதுதான் தெரியும். மஞ்சளிலும் சேராத, வெள்ளையிலும் சேராத ஒரு நிறம். முன்னால் இருந்தவர்கள் ஆணி பிடுங்கிய இடத்தில் விரல் நுனி அளவுக் குழி. கட்டில் கிடந்த இடத்தில், தலை சாய்ந்து சாய்ந்து ஏறிய எண்ணெய்க் கறை. இதோடுதான் இனி இருக்க வேண்டுமா என்று தோன்றும்.

அந்த எண்ணத்தை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. நாளில் பாதி நேரம் அந்தச் சுவர்களுக்குள்தான் கழிகிறது. குழந்தை நடை பழகுவது அங்கேதான். காய்ச்சலோடு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பதும் அங்கேதான். வாடகை கொடுத்து இருக்கிற வீடும் வீடுதான், அதை மனசுக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை.

எப்படிச் செய்வது என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்ணம் அடித்துவிடுபவர்கள் உண்டு. எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு கை வைப்பவர்கள் உண்டு. சுவரையே தொடாமல், போகும்போது கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடிய பொருட்களால் அறையை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. ஒன்றும் வேண்டாம் என்று அப்படியே இருந்துவிடுபவர்களும் உண்டு. வெவ்வேறு வீடுகளில் இந்த நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். நான்கும் எனக்கு ஒரே எடையில் தெரியவில்லை.

கேட்காமல் செய்வது

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது மூன்று பேச்சு. கேட்டால் முடியாது என்பார், அதனால் கேட்காமல் இருப்பதே மேல் என்பது ஒன்று. வீட்டை அழகாகத்தானே ஆக்குகிறோம், அவருக்கும் லாபம்தானே என்பது இன்னொன்று. காலி செய்யும்போது பழையபடி வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டால் போச்சு என்பது மூன்றாவது.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், நான் நம்பியது அதைத்தான். ஒரு வீட்டில் கூடத்தின் ஒரே ஒரு சுவருக்குக் கருநீலம் அடித்தேன். இரண்டு வருடம் அந்தச் சுவர் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மாலையில் மேசை விளக்கைப் போட்டால் அறை முழுக்க அமைதியாகிவிடும். காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது வெள்ளை வாங்கி வந்தேன். முதல் முறை அடித்துக் காய்ந்ததும் பார்த்தால், ரத்தம் கட்டின இடம் மாதிரி நீலம் உள்ளிருந்து தெரிந்தது. இரண்டாவது முறை அடித்தபின் நேராகப் பார்த்தால் வெள்ளை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் சாம்பல். மூன்றாவது முறைக்குப் பிறகுதான் நீலம் அடங்கியது. அப்புறம்தான் பெரிய சிக்கல். புது வெள்ளையும் பக்கத்துச் சுவரின் பழைய வெள்ளையும் மூலையில் சந்திக்கிற இடத்தில், கோடு கிழித்ததுபோல் வித்தியாசம். வெளிச்சமும் புகையும் தூசியும் பட்டுப் பட்டு, சுவரில் இருக்கும் வெள்ளை வருடக்கணக்கில் நிறம் மாறிவிடுகிறது. கடையில் டப்பாவைத் திறந்தால் வருவது அந்த வெள்ளை அல்ல. ஆக ஒரு சுவருக்காக நான்கு சுவரையும் அடிக்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் பிறகு சுவிட்ச் போர்டின் ஓரத்தில் நகக்கண் பருமனுக்கு ஒரு நீலக் கோடு மிச்சம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் உள்ளே வந்து விளக்கைப் போட சுவிட்சில் கை வைத்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. "முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே" என்றார். அட்வான்ஸில் ஒரு தொகை கழிந்தது. தொகையை விட அந்த வார்த்தைதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவும் ஜன்னலும் போக ஏறக்குறைய 400. தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் வண்ணம் ஒரு லிட்டர், வழவழப்பான சுவரில் ஒரு முறை அடிக்க சுமார் 100 முதல் 120 சதுர அடிக்குத்தான் வரும். அடர் நிறத்திலிருந்து வெள்ளைக்குத் திரும்ப, பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஒரு முறை, அதன்மேல் வண்ணம் இரண்டு முறை என்பது குறைந்தபட்சம். மூன்று சுற்று, சுற்றுக்கு நான்கு லிட்டர் கணக்கில் 12 லிட்டர் சரக்கு, ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில மணி நேரம் காயவும் விட வேண்டும். இது வீடு மாறுகிற வாரத்தில் நடக்க வேண்டும். சாமான் கட்டுவதா, சுவர் அடிப்பதா? அந்த வாரத்தில் யாராலும் பொறுமையாகப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தரையில் விரிப்பு போட்டு வேலை செய்ய முடியாது. அவசரத்தில் அடித்த வெள்ளை, அடிக்காமல் விட்ட நீலத்தை விட மோசமாகத் தெரியும்.

அவருக்கும் லாபம்தானே என்கிற பேச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நமக்கு அழகு என்று படுவது அடுத்துக் குடிவருபவருக்கு அழகாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வீடு காலியானபின் வீட்டுக்காரர் பெயின்டரைத் தேடுகிற ஒவ்வொரு நாளும் வாடகை இல்லாத நாள். இன்னொன்றும் உண்டு. சுவரோடு நிலையாகப் பொருத்திவிட்ட பொருள் வீட்டோடு சேர்ந்துவிடும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் பழைய கொள்கை. நீங்கள் காசு போட்டுச் சுவரில் பதித்த அலமாரி, போகும்போது உங்களுடையதாக இல்லாமல் போகலாம். அதைப் பிடுங்கினால் சுவரைக் கெடுத்ததாக ஆகும். விட்டுவிட்டுப் போனால் அதற்கு ஈடும் கிடைக்காது. அனுமதி வாங்காமல் செய்த மேம்பாட்டுக்குப் பணம் திருப்பிக் கேட்க வழியே இருக்காது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் உறுத்துகிற நஷ்டம் பணக் கணக்கில் வருவதில்லை. சொல்லாமல் ஒரு மாற்றம் செய்துவிட்டால் வீட்டுக்காரர் உள்ளே வருவதே பயமாகிவிடுகிறது. குளியலறைக் குழாயடியில் கசிவு தெரியும். கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் அவர் வந்தால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், சுவரைப் பார்ப்பார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். அந்த நீலச் சுவர் இருந்த வீட்டில் நான் அப்படித்தான் ஒரு கசிவை மூன்று வாரம் துணி கட்டிச் சமாளித்தேன். சுவருக்குள் ஈரம் ஏறி, மறுபக்கத்துப் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. பழுதைச் சொல்லாமல் விட்டதால் பெருகிய சேதம் குடியிருப்பவர் தலையில்தான் விழும். வாடகைக்கு இருப்பவருக்கு உள்ள பெரிய வசதியே, வீட்டில் எது கெட்டாலும் உரிமையோடு கூப்பிட்டு, சரி செய்து கொடுங்கள் என்று சொல்ல முடிவதுதான். ஒரு டப்பா வண்ணத்துக்காக அந்த வசதியைக் கையிலிருந்து விடுவது எனக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது.

சட்டம் எங்கேயும் ஒரே மாதிரி இல்லை. பிரான்ஸில் 1989-ஆம் ஆண்டு ஜூலை 6 தேதியிட்ட வாடகைச் சட்டம், குடியிருப்பவர் தன் வசதிக்குச் செய்யும் சிறு ஏற்பாடுகளையும், வீட்டின் உருவையே மாற்றும் வேலைகளையும் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டாவதற்குத்தான் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. ஜெர்மனியில் குடியிருக்கும் காலத்தில் நிறம் உங்கள் இஷ்டம். ஆனால் வெள்ளையாக வாடகைக்கு எடுத்த வீட்டைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திருப்பிக் கொடுத்த ஒரு வழக்கில், நஷ்ட ஈடு கொடுக்கத்தான் வேண்டும் என்று அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படுகிறது. இருக்கும்வரை உன் ரசனை, கொடுக்கும்போது அடுத்தவர் ஏற்கக்கூடிய நிறம். வேறு பல இடங்களில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல் விதி. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள். முன் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யக்கூடாது என்கிற வரி ஒன்று. இயல்பான தேய்மானம் தவிர வீட்டை இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும் என்கிற வரி இன்னொன்று. வெயிலில் நிறம் வெளுப்பதும், நடந்து நடந்து தரை மங்குவதும் இயல்பான தேய்மானம். கருநீலச் சுவர் அந்தக் கணக்கில் வராது.

கேட்டுச் செய்வது

கேட்பதைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம்தான். முடியாது என்று சொல்லிவிட்டால் முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடுமே என்ற எண்ணம். ஆனால் வீட்டுக்காரர்கள் மறுப்பது நிறத்துக்காக அல்ல என்பது என் அனுபவம். முன்பு இருந்தவர் யாரோ ஒருவர் எண்ணெய் வண்ணத்தை எமல்ஷன் மேல் அடித்துப் பாழாக்கியிருப்பார். அல்லது மறைக்கும் டேப் ஒட்டாமல் அடித்து மேற்கூரை ஓரமெல்லாம் கறையாக்கியிருப்பார். அந்த ஞாபகத்தில் முடியாது என்கிறார். வீட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளட்டுமா என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கு அந்தப் பழைய சேதம்தான் கண்முன் வரும்.

அதனால் சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். எந்தச் சுவர், என்ன நிறம், யார் அடிப்பது, யார் செலவு, போகும்போது என்ன செய்வது. இந்த ஐந்தும் ஒரே செய்தியில் இருந்தால் மறுப்பது கடினம். நான் கடைசியாக அனுப்பியது இப்படி இருந்தது:

"வணக்கம் சார். படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுவருக்கு மட்டும் இந்த நிறம் அடித்துக்கொள்ளலாமா? நிற அட்டையின் படம் அனுப்பியிருக்கிறேன். செலவு என்னுடையது, பெயின்டரை வைத்துத்தான் அடிப்பேன். காலி செய்யும்போது பழைய நிறத்துக்கு மாற்றித் தர வேண்டுமா, அப்படியே விடலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள் சார்."

கடைசி வாக்கியத்தைப் பலர் கேட்பதில்லை. அதுதான் முக்கியமான கேள்வி. அடித்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தவரே, காலி செய்யும் நாளில் பழையபடி வேண்டும் என்று சொல்ல முடியும். நிறத்துக்குக் கொடுத்த சம்மதம் வேறு, திரும்ப மாற்ற வேண்டாம் என்ற சம்மதம் வேறு. அலமாரி, திரைச்சீலைக் கம்பி போன்றவற்றைப் பொருத்துவதானால், போகும்போது நான் எடுத்துக்கொள்வேன், துளைகளை அடைத்துத் தருவேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வாய் வார்த்தையில் கிடைக்கும் சம்மதம் கொடுத்தவர் இருக்கும்வரைதான் நிற்கும். வீடு கைமாறும், அல்லது வெளியூரில் இருந்த மகன் பொறுப்பெடுப்பார், அல்லது இடையில் ஒரு ஏஜென்ட் வருவார். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். போனில் சரி என்று சொன்னாலும், நன்றி சொல்லி, பேசியதை நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் ஆமாம் என்று ஒரு பதில் போட்டால் போதும். பதிலே வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள்.

கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பல வருடம் ஆன சுவர் என்றால், எப்படியும் அடிக்க வேண்டியதுதான், வண்ணத்துக்கு நான் கொடுக்கிறேன், கூலி நீங்கள் பாருங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்காதவருக்கு இது கிடைக்க வழியே இல்லை.

மறுத்துவிட்டால்? வருத்தமாகத்தான் இருக்கும். ஒருமுறை காரணம் கேளுங்கள், நிறத்தைக் கொஞ்சம் வெளிறியதாக மாற்றிக் கேளுங்கள். அதற்கும் முடியாது என்றால் வாதம் வேண்டாம். அடுத்த வழி திறந்தே இருக்கிறது.

சுவரைத் தொடாமல் மாற்றுவது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. இதில் எவ்வளவு செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் விளக்கு. அறையின் நிறம் பிடிக்கவில்லை என்று நாம் நினைப்பதில் பாதி, பல்பின் குற்றம். எல்இடி பல்பு டப்பாவின்மேல் கெல்வின் அளவு போட்டிருப்பார்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4000 நடுத்தரம், 2700 என்றால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். அழுக்கு மஞ்சளாக இருக்கும் சுவர்மேல் 6500 வெளிச்சம் விழுந்தால் நோய் பிடித்த தோல் மாதிரி வெளிறித் தெரியும். அதே சுவர் 2700 வெளிச்சத்தில் சந்தனம் பூசியதுபோல் ஆகிவிடும். மேலே நடுவில் எரியும் ஒற்றை விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு நிற்கும் விளக்கும் மேசைமேல் ஒரு சின்ன விளக்கும் வைத்துப் பாருங்கள். சுவரின் குழியும் கறையும் நிழலுக்குள் போய்விடும். வண்ணத்துக்கு ஒரு பைசா செலவழிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் இப்படி இருந்து பாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

அடுத்தது துணி. கண் சுவரைப் பார்ப்பது, பார்க்க வேறொன்றும் இல்லாதபோதுதான். தரைவரை விழும் நீளத் திரைச்சீலை, பெரிய விரிப்பு, கட்டிலுக்குப் பின்னால் தொங்கும் ஒரு நெய்த துணி, இந்த மூன்றும் வந்துவிட்டால் சுவர் பின்னால் போய்விடுகிறது. திரைச்சீலைக்குத் துளை போட வேண்டியதில்லை. இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே விரிந்து, தன் அழுத்தத்திலேயே நிற்கும் ஸ்பிரிங் கம்பிகள் கிடைக்கின்றன. ஜன்னல் குழிவுக்குள் அவை நன்றாக நிற்கும். கனமான துணிக்கு மட்டும் ஆகாது, நடு இரவில் மொத்தமும் விழும்.

படம் மாட்டுவதற்கு வரும் ஒட்டுப்பட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றைச் சுவரைக் கெடுக்காது என்று நம்பி ஒட்டி, சுவரைக் கெடுத்தவர்கள் அதிகம். ஒட்டுமுன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், வீட்டில் துடைக்கும் சோப்பு நீர் கூடாது. ஒட்டி 30 வினாடி அழுத்த வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். புதிதாக அடித்த சுவராக இருந்தால் ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். கழற்றும்போதுதான் எல்லாம் கெடுகிறது. நம்மை நோக்கி இழுக்கவே கூடாது. அடியில் தொங்கும் வாலைப் பிடித்து, சுவரை ஒட்டினாற்போல் நேராகக் கீழ்நோக்கி, மெதுவாக, ரப்பர் மாதிரி நீள நீள இழுக்க வேண்டும். நான் ஒருமுறை பொறுமையிழந்து வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். பட்டையோடு உள்ளங்கை அளவு வண்ணத் தோல் உரிந்து வந்தது. அந்தக் காயத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தேன். மேலே வெள்ளை, அதற்கடியில் இளம் பச்சை, அதற்கடியில் ரோஜா நிறம், கடைசியில் மங்கிய மஞ்சள், பிறகு பட்டி. எனக்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் எல்லோரும் அந்த விளிம்பில் மெல்லிய கோடுகளாக இருந்தார்கள். எத்தனை அடுக்கு இருக்கிறதோ, பிடிப்பு அவ்வளவு பலவீனம். பழைய வீட்டில் ஒட்டுப்பட்டை தோற்பதற்குக் காரணமும் அதுதான்.

ஆகவே எதையும் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். அலமாரிக்குப் பின்னால் மறைகிற இடத்தில் சாதாரண டேப் ஒரு துண்டை ஒட்டி, நன்றாக அழுத்தி, பிய்த்துப் பாருங்கள். டேப்பில் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் அது டிஸ்டம்பரோ சுண்ணாம்போ அடித்த சுவர், எதுவும் நிற்காது. செதில் வந்தால் ஒட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சுத்தமாக வந்தால் தைரியமாகச் செய்யலாம். உரித்து ஒட்டும் சுவர்த்தாளுக்கும் இதே சோதனைதான். சொரசொரப்பான சுவரிலும் ஈரம் ஏறும் சுவரிலும் அது நிற்காது, ஓரம் சுருண்டுகொண்டு வரும். புது வண்ணத்தின்மேல் என்றால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். கைக்குத் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும் வண்ணம் உள்ளுக்குள் முழுசாக இறுக ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். என்னைக் கேட்டால் சுவரை விட்டுவிட்டு, திறந்த அலமாரியின் உள்பக்கத்து முதுகுப் பலகையில் அந்தத் தாளை ஒட்டச் சொல்வேன். சின்ன இடம், ஆனால் அறைக்கு நிறம் வந்துவிடும், பிய்த்தாலும் சேதம் உங்கள் அலமாரிக்குத்தான்.

இந்த வழியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் துளை போடச் சொல்வேன். உயரமான புத்தக அலமாரி, இழுப்பறைப் பெட்டி, பெரிய டிவி நிற்கும் மேசை இவற்றைச் சுவரோடு சேர்த்துக் கட்டாமல் விடக்கூடாது, அதுவும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால். இழுப்பறையைப் படியாக்கி ஏறும் குழந்தைமேல் அலமாரி சாய்ந்து உயிரே போயிருக்கிறது. அலமாரியைச் சுவரோடு பிடித்துவைக்கும் பட்டைக்கு இரண்டு சின்னத் துளை போதும். குழந்தையின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லிக் கேட்டால் மறுக்கும் வீட்டுக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக் கைப்பிடிக் கம்பியும் அப்படித்தான். ஒட்டி நிற்கும் உறிஞ்சிவகைப் பிடிகளை நம்பி அங்கே பாரத்தைப் போடாதீர்கள், வழுக்கும் நொடியில் அது கையோடு வந்துவிடும். கேட்டு, ஆளை வைத்துச் சரியாகப் பொருத்துங்கள்.

அப்படியே இருந்துவிடுவது

ஒரு வருடத்துக்குள் காலி செய்யப்போகிறோம் என்று தெரிந்தால் இதுவே போதும். நல்ல பல்பு இரண்டு, கழுவின ஜன்னல் கண்ணாடி. மிச்சப் பணத்தை அடுத்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாரும் தொடக்கூடாத பக்கம்

அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொந்தக் கையால் செய்யக்கூடாத வேலைகள் உண்டு. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், சமையல் வாயு இணைப்பு, சுவரை இடிப்பது, குளியலறைத் தரையைத் தோண்டுவது. குளியலறை ஓட்டுக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும். தெரியாமல் அதில் போடும் ஒரு துளை, கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரமாகத் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். சாதாரணச் சுவரிலும் சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், பக்கவாட்டில் அதே மட்டத்திலும் டிரில்லை வைக்காதீர்கள். கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

மிகப் பழைய வீடுகளில் இன்னொரு ஆபத்து. முற்காலத்து எண்ணெய் வண்ணங்களில் ஈயம் சேர்த்திருந்தார்கள். அதை உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூளில் ஈயம் இருக்கும், சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பழைய தரை ஓடுகளிலும் கூரைத் தகடுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு. உடைத்தாலோ துளைத்தாலோ அதன் இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அழகுக்காக இதில் கை வைக்காதீர்கள், ஒரு வருடமே ஆனாலும் அப்படியே விட்டு வாழுங்கள்.

ஏற்கனவே செய்துவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும் சிலர் ஏற்கனவே சுவரை அடித்திருப்பீர்கள். என் கருத்து, வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது. காலி செய்கிற நாளில் அல்ல, இப்போதே. ஒரு படம் எடுத்து அனுப்பி, கேட்காமல் செய்தது தப்பு, காலி செய்யும்போது உங்களுக்கு எந்த நிறம் வேண்டுமோ அதற்கு மாற்றித் தருகிறேன் என்று எழுதினால், கோபப்பட்டாலும் அதற்குள் ஒரு வழி இருக்கும். நீலச் சுவரில் நான் செய்யத் தவறியது இதைத்தான். சொல்லியிருந்தால் குழாய்க் கசிவை அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தால் கண் மதிப்பில் வெள்ளை வாங்காதீர்கள். சுவிட்ச் பலகையின் மூடியைப் பெயின்டரோ எலக்ட்ரிஷியனோ கழற்றும்போது, அதன் ஓரத்து மறைவிலிருந்து ஒரு நாணய அளவு வண்ணச் செதிலைக் கீறி எடுக்கச் சொல்லுங்கள். நிறம் கலந்து தரும் இயந்திரம் உள்ள கடையில் அதைக் காட்டினால் ஏறக்குறைய அதே நிறத்தைக் கலந்து கொடுப்பார்கள். அப்போதும் நடுச்சுவரில் திட்டுத் திட்டாகத் தொட்டு விடாமல், மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் அடியுங்கள். திட்டு எந்த வெளிச்சத்திலும் தனியாகத் தெரியும். சுவர் முழுசாக மாறினால் மூலை அந்த வித்தியாசத்தை மறைத்துக்கொள்ளும்.

இப்போது இருக்கும் வீட்டில், படுக்கையறைச் சுவருக்காக நான் அனுப்பிய அந்தச் செய்திக்கு இரண்டாம் நாள் பதில் வந்தது. ஒரு சுவர் என்றால் சரி, போகும்போது மாற்ற வேண்டாம், ஆனால் என்ன வண்ணம் என்று எழுதி வையுங்கள், அடுத்தவர் கேட்பார் என்று. மங்கிய பச்சை அடித்திருக்கிறேன். மிச்சமிருந்த அரை லிட்டரை மூடி இறுக்கிப் பரணில் வைத்தேன். டப்பாவின் மேலிருந்த நிற எண்ணையும், அடித்த மாதத்தையும், எந்தச் சுவர் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன், அடுத்து வருபவர் தன் நிறத்தை எழுத.